இன்னொருதடவைக்காரர்

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை வந்தவர், மறுபடியும் வீட்டைப் பார்க்க நடக்கிறார். பூட்டு பூட்டித்தான் இருக்கிறது. மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் முனையிலேயே நிற்கிறாள். "அந்தப் பூட்டுக்கே உங்க மேல சலிப்பு வந்திருக்கும்" என்பாள்.

பட்டறையில் அவருக்குப் பெயரே 'இன்னொருதடவை'தான். கடலடியில், எண்ணெய்க் கிணற்றின் பக்கத்தில் கிடந்து எண்ணெயை மேலே தள்ளும் பம்புகளின் பாகங்களை இங்கே பொருத்துவது அவர் வேலை. இறக்கிவிட்டால் வருடக்கணக்கில் எந்தக் கையும் அதைத் தொடாது. பழுதானால் கப்பல் போய்த்தான் தூக்கி வர வேண்டும். அதுவரை கிணறு சும்மா கிடக்கும். இப்படிப்பட்ட வேலைக்கு இப்படி ஒரு மனிதர் வாய்த்தது அதிர்ஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

போன முறை அனுப்பிய பம்பு எல்லாச் சோதனையிலும் தேறியது. அவருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல், கசிவைத் தடுக்கும் சீலைக் கழற்றிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. திருப்தியோடு மாட்டினார். வருடம் திரும்புவதற்குள் பம்பு கடலடியில் நின்றுபோனது. மேலே கொண்டுவந்து பிரித்தால், சீலின் முகத்தில் நீல நூலிழை ஒன்று; கசிவு அந்த இடத்தில்தான். அவர் கை துடைக்கும் துணியின் நூல். அதை எடுத்துக்கொண்டு மேலாளர் அம்மாவிடம் அவரே போனார்.

"கடல் கெடுக்கலம்மா. நல்லா இருந்ததை நான்தான் தொறந்து கெடுத்தேன்."

வேலை போகவில்லை. பம்பைச் சரிசெய்யவும் அவரிடமே கொடுத்தார்கள். இதுவும் நின்றால் எண்ணெய்க் கம்பெனி இந்தப் பட்டறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காது என்பது அவருக்குத் தெரியும்.

இன்று அது சோதனையில் தேறி லாரியில் ஏறிவிட்டது. அவர் லாரியையே சுற்றிச் சுற்றி வருகிறார். பாவம், அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மேலாளர் கிட்டே வந்து, சந்தேகம் இருந்தால் இறக்கிவிடலாம் என்கிறார். வயதில் சிறியவர், கேலியாகக் கேட்கவில்லை. இவர் பம்பை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்க்கிறார்.

"சந்தேகம்னா இந்த எடம்னு காட்டத் தெரியணும்மா. எனக்குக் காட்ட எடமே இல்ல. இது வெறும் அரிப்பு. அனுப்பிடுங்க."

லாரி உறுமிக் கிளம்புகிறது. சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரை எடுத்து மேலாளர் கையில் வைக்கிறார்.

"கேட்டைத் தாண்டுற வரைக்கும் நீங்களே வச்சிருங்க."

லாரி கேட்டைத் தாண்டி, வளைவில் திரும்பி மறைகிறது. அவர் கை இன்னும் அந்தக் காலிப் பையைத் தடவிக்கொண்டிருக்கிறது.