ஜம்புநாதன் வீட்டுக்குப் பக்கத்து வீடு

ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிப்பார் என்று ஜம்புநாதனைப் பற்றிப் போபோடிச் சந்தில் சொல்வார்கள். அது அபாண்டம். குடிக்கமாட்டார், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பத்திரமாக வைப்பார். கட்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன மனிதர். ஓசிக்கு அடுத்தபடி அவர் நேசித்தது வாசலில் தொங்கும் தன் பெயர்ப்பலகையை. அந்தச் சந்தில் யார் முகவரி சொன்னாலும் அவர் வீட்டை வைத்துத்தான் சொல்வார்கள். அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

அந்தப் பெருமைதான் வினையாயிற்று. பக்கத்து வீட்டு ஹசீனா திருநெல்வேலிக்காரி. மகள் மிஸ்பாவோடு தையல் மிஷினை நம்பிப் பிழைப்பவள். போன மழையில் கூரை ஒழுகி, கல்யாண ஜாக்கெட்டுகள் சாயம் போய், பாதி வாடிக்கை போயிற்று. இந்த மழைக்கும் நனைந்தால் மீதியும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வசதி இல்லாதவர்கள் வீட்டைக் காசு வாங்காமல் பழுது பார்த்துத் தரும் இன்ஜினியர்கள் விமான் நகரில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, போனில் முகவரி சொன்னாள்: "ஜம்புநாதன் வீட்டுக்குப் பக்கத்து வீடு." குறித்துக்கொண்டவர் 'ஜம்புநாதன் வீடு' என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அவர்கள் வந்த அன்று ஹசீனா மகளோடு கோந்த்வாவுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தாள். சபரி என்ற இன்ஜினியர் பலகையைப் பார்த்தான்.

"ஜம்புநாதன் வீடு இதானே சார்?"

"ஆமா தம்பி."

"கூரை ஒழுகுதா?"

"ஒழுகாமலா!"

ஒரே ஒரு மூலையில், அதுவும் மனசு வந்தால் ஒழுகும். ஆனாலும் பொய்யில்லையே! சாயங்காலத்துக்குள் புதுத் தகரம் பளபளத்தது. இவர் காசு கொடுத்து ஆள் வைத்துவிட்டார் என்று நினைத்து மனைவி வைஜயந்திக்கு மயக்கமே வந்துவிட்டது.

ஹசீனா திரும்பி வந்தாள். அண்ணாந்து தகரத்தைப் பார்த்தாள். தனக்கு வந்த கூரை எங்கே போனது என்று புரிந்துகொண்டாள். செவ்வாய்க்கிழமை மழை கொட்டியதும் மிஷினைத் தூக்கிக்கொண்டு மகளோடு நேரே ஜம்புநாதன் வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

"என்னம்மா இது?"

"என் கூரை இங்கதான இருக்கு அண்ணாச்சி? அதுக்குக் கீழதான நான் இருக்கணும்?"

"நல்லாக் கேட்டே, உக்காரு" என்று வைஜயந்தி அவருடைய கட்டிலைக் காலி செய்து கொடுத்தாள்.

அன்று முதல் வீடெல்லாம் ஜாக்கெட். ஜம்புநாதன் உட்கார்ந்தால் ஊசி குத்தியது. நின்றால் மிஸ்பா லைனிங் துணியைப் பிடிக்கச் சொன்னாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். காலையில் ஹசீனா சிரித்த முகமாகப் போட்டுக் கொடுத்த டீதான் தொண்டையில் இறங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓசி கசந்தது.

சபரிக்குப் போன் போட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"தம்பி, ஜம்புநாதன் வீடு இன்னும் ஒழுகுதே!"

சபரி பதறிப்போனான். தான் ஊரில் இல்லை, ஞாயிறன்று வேறு ஆட்களை அனுப்புகிறேன் என்று மன்னிப்பும் கேட்டான்.

ஞாயிறு காலை ஜம்புநாதன் பலகையைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். கொண்டுபோய் ஹசீனா வீட்டு வாசலில் ஆணியடித்து மாட்டினார். பெண்ணைக் கட்டிக் கொடுத்த அப்பா போல அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஏணியும் தகரமுமாக ஆட்கள் வந்தார்கள். முன்னால் வந்த ரீனா போனைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள்.

"ஜம்புநாதன் வீடு இதுதானே அங்கிள்?"

"அதேதாம்மா" என்றார், தன் வாசலில் நின்றுகொண்டு.

"நீங்க?"

உள்ளே தையல் மிஷின் சத்தம் நின்றது. ஜம்புநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானா? ஜம்புநாதன் வீட்டுக்குப் பக்கத்து வீடும்மா."