உத்தரவு இல்லாமல் போன கால் லிஸ்ட்

1. அச்சடித்தது நான்

2006-இல் நாகர்கோவிலில் ஒரு தனியார் செல்போன் கம்பெனியின் கிளையில் கஸ்டமர் கேர் பிரிவில் இருந்தேன். ஒருநாள் மதியம் மேனேஜர் ஒரு நம்பர் எழுதிய துண்டுச்சீட்டை என் மேசையில் வைத்தார்.

"மூணு மாச கால் லிஸ்ட் பிரிண்ட் போடுங்க. ஸ்டேஷன்லேருந்து ஆள் வந்திருக்கு."

"லெட்டர் தந்திருக்காங்களா சார்?"

"அது பின்னால வரும். கவர்மெண்டுக்குச் செய்ற உதவிதானே."

போட்டுக் கொடுத்தேன். யாருடைய நம்பர் என்றுகூடப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் கவுண்டருக்கு வந்தார். பெயர் ஸ்டெல்லா. கருங்கல்லுக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் மீன் மொத்த வியாபாரம். கடற்கரை மணலை லாரிகளில் அள்ளுவதை எதிர்த்து ஊர்ப் பெண்களைத் திரட்டியவர். அவர் போனில் பேசியவர்களை எல்லாம் போலீஸ் ஒவ்வொருவராக ஸ்டேஷனுக்கு அழைத்து விசாரித்திருந்தது. அப்படிப் போன அவருடைய அண்ணன், அங்கே எங்கள் கம்பெனி பெயர் அச்சிட்ட தாள்களைப் பார்த்திருக்கிறார்.

"இப்பம் நான் போன் போட்டா ஒருத்தரும் எடுக்க மாட்டேங்காவ. அண்ணன் பொண்டாட்டி, சொந்த மைனியே எடுக்க மாட்டேங்கா," என்றார் ஸ்டெல்லா. குரலை உயர்த்தவில்லை. "போலீசு கேப்பான், அது அவன் சோலி. எடுத்துக் குடுத்தது ஆரு?"

நான் குனிந்துகொண்டேன். மேனேஜர் எழுந்து வந்தார்.

"அரசாங்கம் கேட்டா நாங்க என்னம்மா செய்ய முடியும்? இதுல எங்க மேல கேஸ் நிக்காது."

"நிக்குமா நிக்காதான்னு போட்டுப் பாக்கேன்."

2. இன்வேர்டு ரிஜிஸ்டர்

நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். கம்பெனிக்குச் சென்னையிலிருந்து வக்கீல் வந்தார்.

முக்கியமான விசாரணைக்கு ஒரு வாரம் முன்பு, பழைய தேதியிட்ட போலீஸ் கடிதம் ஒன்றை மேனேஜர் என்னிடம் கொடுத்தார். வரும் கடிதங்களைப் பதியும் ரிஜிஸ்டர் என் பொறுப்பில் இருந்தது.

"அந்தத் தேதியில ஒரு வரி காலியா கிடக்கு. எழுதிடுங்க."

மனைவி அப்போது கர்ப்பமாக இருந்தாள். முடியாது என்று சொல்லத் தைரியம் இல்லை. "எழுதுறேன் சார்" என்றேன். எழுதவும் கை வரவில்லை. தினமும் ஒரு சாக்குச் சொல்லி ஒரு வாரத்தைக் கடத்தினேன்.

மன்றம் ரிஜிஸ்டரைக் கேட்டிருந்ததால் அதை எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். மன்றத்தில் கம்பெனி வக்கீல் சொன்னார்: "நல்லெண்ணத்தோடு அரசுக்கு உதவிய நிறுவனத்தை வழக்கிலிருந்தே விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளை எந்த நிறுவனம் உதவ முன்வரும்?"

ஸ்டெல்லா எழுந்தார்.

"ஐயா, முறையா உத்தரவு வாங்கிக் குடுத்திருந்தா நான் இவிய மேல கேசே போட்டிருக்க மாட்டேன். அந்தக் காயிதமே அவியளுக்குக் காவலு. காயிதம் கேக்காம குடுத்தவியளையும் விட்டுட்டா, பின்ன ஆரு ஐயா காயிதம் கேப்பா?"

அதற்குப் பிறகு எத்தனையோ வக்கீல்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். இந்த விஷயத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

மன்றத் தலைவர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "கடிதம் எப்போது வந்தது?"

மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லிஸ்ட் கொடுத்தபோது கடிதம் இல்லை ஐயா. போன வாரம்தான் வந்தது. பிரிண்ட் போட்டது நான்."

3. தீர்ப்புக்குப் பிறகு

அரசு கேட்டது என்ற வாய்ச்சொல் கம்பெனியைக் காப்பாற்றாது என்று தீர்ப்பு வந்தது. கம்பெனி எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. அதை ஸ்டெல்லா நகலெடுத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். சிலர் மறுபடி பேசத் தொடங்கினார்கள். மைனி கடைசிவரை பேசவில்லை என்று கேள்வி.

என்னைக் களியக்காவிளைக்கு மாற்றினார்கள். ஒரு வருடத்தில் வேலையை விட்டு வேறு கம்பெனிக்குப் போனேன். இடையில் ஒருமுறை கருங்கல் சந்தையில் ஸ்டெல்லாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன்.

"நீ பிரிண்டு போட்டதுக்கு எனக்கு இப்பவும் கோவம் உண்டு மக்கா," என்றார். "உள்ளதச் சொன்னதுல சந்தோசமும் உண்டு. ரெண்டும் ரெண்டாவே கிடக்கட்டும்."

தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, எழுத்துப்பூர்வமான உத்தரவு இல்லாமல் எந்த விவரமும் வெளியே போகக் கூடாது என்று தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. கம்பெனிக்குத் திடீரென்று நல்ல புத்தி வந்து அனுப்பியதல்ல. ஒரு மீன் வியாபாரி கோர்ட்டுக்கு இழுக்க முடியும் என்று தெரிந்ததால் அனுப்பியது. கம்பெனிகள் மேல் இப்படி வழக்குப் போடும் அந்தக் கதவை அடைத்துவிட வேண்டும் என்று இன்று யாராவது பேசினால், நான் ஸ்டெல்லாவின் பக்கம்தான் நிற்பேன்.