பேரிங்குக்கு அடியில் ஜிகினாத் தாள்

மார்ச் 14, செவ்வாய். குளியல், செய்தித்தாள், அலுவலகம். மாலையில் என் காரின் எஞ்சின் தட்டியது. கருகிய ஆயில் வாசனை வந்ததும், சாலையை அகலப்படுத்தியபோது இடித்துவிட்ட பாடாலூர் மாமாவின் பட்டறையும், டீசல் ஊறிய அதன் கறுப்பு மண்ணும், அங்கே டொக்டொக்கென்று தட்டி நின்ற அப்பாவின் வாடகைக் காரும், தேய்ந்த பேரிங்கை மாற்றாமல் அதற்கடியில் மாமா மடித்து வைத்த சிகரெட் ஜிகினாத் தாளும் நினைவுக்கு வந்தன.

“இது எஞ்சினாடா, வடை மடிக்கிற எடமா?” என்றாள் அம்மா.

“ஓடும்க்கா, சும்மா இரு” என்றார் மாமா.

மச்சானிடம் எதிர்த்துப் பேசக்கூடாதென்று அப்பா வாயைத் திறக்கவில்லை. கல்லங்குறிச்சி போகும் வழியில் எஞ்சின் உடைந்தது. எங்கள் பிழைப்பும் அதோடு போனது. மாமாவைவிட, பேசாமல் நின்ற அப்பாமீதுதான் இன்றும் எனக்கு ஆத்திரம்.

இன்றைக்கு மெக்கானிக், “பேரிங் தேஞ்சிருக்கு. கெட்டி ஆயில் ஊத்தி ஓட்டுங்க சார், சத்தம் அமுங்கிடும்” என்றான். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 15, புதன். பல் துலக்கும் முன்பே அவனைப் போனில் எழுப்பி, “எஞ்சின எறக்கு, பேரிங்க மாத்து” என்றேன்.