எந்த விலங்கின் மேலும் சோதிக்கப்படவில்லை

அம்மா செய்த வாசனைத் தைலத்தின் சீட்டில் இரண்டே வரிகள். ‘பூக்களிலிருந்து எடுத்தது. எந்த விலங்கின் மேலும் சோதிக்கப்படவில்லை.’ இரண்டும் உண்மை. சோதித்தது அப்பாவின் மேல்.

காதுக்குப் பின்னால், மணிக்கட்டில், முழங்கை மடிப்பில் குப்பியை உருட்டித் தேய்த்து, தேதி போட்டுக் குறித்துக்கொள்வாள். மூன்றாவது கலவையில் அப்பாவின் கழுத்து வீங்கியது.

“என்னையும் அந்தச் சீட்டுல போடு, வார்த்தினி. நானும் ஒரு ஜீவன்தான்.”

“ஆடு, ‘எரியுது’ன்னு வாய் திறந்து சொல்லாது, மாஸ். நீங்க சொல்றீங்க. அதான் வசதி.” ஜாவாவில் மனைவி கணவனை அழைப்பது ‘மாஸ்’ என்றுதான்.

நான் சுரபாயாவில் ஒரு பெயின்ட் ஆலையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். அளவுகளைத் தொலைபேசியில் சொல்வேன். நான்காவது கலவை யாருக்கும் எரியவில்லை: தேங்காய் எண்ணெயில் மல்லிகை, ரோஜா, நான்கு சதவீதம் கெனாங்கா என்ற மஞ்சள் பூ.

சிக்கல் கெனாங்காவில். எங்கள் ஊரான பிளிதார் பக்கம் அந்த மூன்று பூவையும் சேர்த்துத் தூவுவது கல்லறையில்தான். இருட்டும் நேரத்தில் வாசனை மட்டும் வந்தால் பேய்.

பக்கத்து வீட்டு ருக்மி அக்கா ஊர்க் கல்யாணங்களின் அடுப்படியை ஆள்பவர். அவர் பூசினால் ஊரே பூசும். அவர் இதைப் பூசி ஒரு கல்யாணத்துக்கு வரவேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை.

முகர்ந்து பார்த்தார். “இதப் பூசிக்கிட்டுப் போனா, மாப்பிள்ளையை விட்டுட்டு, செத்தவங்களுக்கு ஓதுற மாதிரி எனக்கு ஓத ஆரம்பிச்சுடுவாங்க.”

கெனாங்காவை இரண்டு சதவீதமாகக் குறைக்கச் சொன்னேன்.

“பூ என்னடி தப்பு பண்ணுச்சு?” என்றாள் அம்மா.

தானே பூசிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினாள். பொழுது சாய்ந்திருந்தது. ஊர்ப் பையன் காஸ்டி ஓட்டும் பைக் டாக்ஸி. அம்மா அதிகம் பேசமாட்டாள். கரும்புத் தோட்டத்தருகே காஸ்டிக்கு வாசனை அடித்தது.

“அக்கா, பின்னால இருக்கீங்களா?”

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். காஸ்டி வண்டியை நிறுத்தி, சாவியையும் விட்டுவிட்டு ஓடினான். அம்மா பின் இருக்கையில் அரை மணி நேரம் காத்திருந்தாள். திரும்பி வந்தவன் ஒரு நிபந்தனை போட்டான்: “இதப் பூசினா வழி பூரா பேசிக்கிட்டே வரணும்.”

கதை பரவியதும் சுருட்டு ஆலைப் பெண்கள் தைலம் வாங்க வந்தார்கள். வேலை முடிந்து நடக்கும்போது சீண்டுகிற ஆண்கள் ஓடிவிடுகிறார்களாம்.

“நான் என்ன கொசுவத்தியா செஞ்சேன்?” என்று அம்மா கத்தினாள். ருக்மி அக்கா அப்போதும் பூசவில்லை.

மார்ச்சில் அம்மா இறந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. பதினோரு மணி நேரம்தான் தாங்கினாள்.

மண் மூடியபின் பெண்கள் பூத்தூவ வந்தார்கள். பூக்கூடைகள் இன்னும் கல்லறைத் தோட்டத்து வாசலருகேதான் இருந்தன. வாசனை அதற்குள் என் பக்கத்தில் இருந்தது. ருக்மி அக்காவின் காதுக்குப் பின்னால் எண்ணெய் மின்னியது. ஆலைப் பெண்களும் பூசியிருந்தார்கள். நானும். ஒருவரும் பேசவில்லை.

மண்வெட்டியோடு நின்ற காஸ்டி மெல்லச் சொன்னான். “யாராவது பேசிக்கிட்டே இருங்களேன். இல்லேன்னா ஓடிடுவேன்.”

“ஒரு கல்யாணத்துக்காவது பூசியிருக்கலாம்,” என்றார் ருக்மி அக்கா. “பொல்லாத வீம்பு எனக்கு.”

“கழுத்து எப்படி வீங்குச்சு தெரியுமா!” என்று அப்பா காலரை விலக்கிக் காட்டினார். யாரோ சிரித்தார்கள். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

காஸ்டி என்னைப் பார்த்தான். “நீயும்தாம்மா.”

“நாலு சதவீதம்,” என்றேன். “ரெண்டா குறைக்கச் சொன்னேன். கேக்கல.”