கரையான் மருந்து வாடை

போன மாதம் எங்கள் அலமாரிக்குப் பாலிஷ் அடித்துவிட்டுப் போன ஆசாரி, "வாடை போவலன்னா வெங்காயத்த அறுத்து வைம்மா" என்றார். யாரிடம் சொல்கிறார்! அந்த வேலையெல்லாம் நாலாம் வகுப்பிலேயே பார்த்து முடித்தவள் நான்.

பாரிவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசக்காலைக் கரையான் அரித்திருந்தது. அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை மருந்தை மண்ணெண்ணெயில் கலந்து வாசக்கால், ஜன்னல் சட்டம், பரண் பலகை என்று மரமாகக் கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் பிரஷ்ஷால் அடித்தார். வாடை வீடு முழுக்கப் பரவியது. சோற்றில் அடித்தது, தலையணையில் அடித்தது, என் கணக்கு நோட்டில்கூட அடித்தது.

மறுநாளே அம்மா வேப்பம்பட்டிலிருக்கும் மாமா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "இந்த வாடை எனக்கு ஆவல கண்ணு. போனதும் வந்துட்றேன். உனுக்குப் பரீட்ச கீது, அப்பாகூட இரு" என்றாள். அதற்கு முந்தின ஒரு வாரமாக அவளும் அப்பாவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் சண்டைச் சத்தம் இல்லாததில் எனக்குச் சந்தோஷம்தான். வாடைக்குப் பயந்து போகிறவளுக்கு எதற்கு இரண்டு பை நிறையத் துணி என்றும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வாடை போனால் அம்மா வந்துவிடுவாள். அவ்வளவுதானே என்று நான் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கரி வாங்கிவந்து கட்டிலுக்கடியில் தட்டுத் தட்டாக வைத்தேன். கண்ணில் நீர் வழிய வெங்காயம் நறுக்கி, அறைக்கு ஒரு கிண்ணமாகத் தண்ணீரில் போட்டேன். இருந்த காபித்தூளையெல்லாம் ஜன்னலோரம் கொட்டிவைத்தேன். அப்பா காலி டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார், டீக்கடைக்குப் போய்விட்டார். சாம்பிராணி போட நெருப்பு கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் போனேன். "மண்ணெண்ண அடிச்ச ஊட்ல நெருப்பு வெப்பியாடி?" என்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணி. எங்கள் வீட்டில் நடப்பது எங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும்.

தினமும் சாயந்திரம் அம்மாவின் போன் வரும். அப்பா எடுத்துப் பேசாமல் என்னிடம் நீட்டிவிட்டு மோட்டார் போடப் போய்விடுவார். "வாடை போச்சா?" என்பாள். "கொஞ்சம் போச்சு" என்பேன். பத்தாம் நாள் வாசக்காலில் மூக்கை வைத்து அழுத்தி மோந்து பார்த்தேன். வெறும் மர வாசனை. "சுத்தமா போய்ட்சும்மா!" என்று போனில் கத்தினேன். "இன்னும் கொஞ்ச நாள் போவட்டும் கண்ணு" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் பெரியம்மா வந்தார். உள்ளே வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூச்சை இழுத்தார். "வாடையே காணோமே. இன்னும் இன்னாப்பா உன் பொண்டாட்டி வரல?"

"இல்ல அண்ணி, உள்ளுக்குள்ள கீது. அவளுக்கு ஆவாது" என்றார் அப்பா, சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி.

அன்று பள்ளி விட்டு வந்தால் தெருவிலேயே வாடை. அப்பா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, கையில் பிரஷ்ஷோடு நின்றிருந்தார். வாசக்காலிலிருந்து மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் பத்து நாள் பாடும் பாழ். பிரஷ்ஷைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். அவர் வயிற்றிலேயே மாற்றி மாற்றிக் குத்தினேன். அவர் தடுக்கவில்லை. "கரையான் திருப்பி வந்துடும் கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்துவைத்தார்.

சாயந்திரம் போனில் தேம்பித் தேம்பி அழுதேன். "அப்பா திருப்பி மருந்து அடிச்சிட்டாரும்மா!"

"யாரு அடிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லல. பெரியம்மா வந்து, வாடை இல்லியே, உங்கம்மா ஏன் வரலன்னாங்க. அப்பா வாடை கீதுன்னாரு. அப்பால அடிச்சிட்டாரு."

லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு முறை 'அலோ அலோ' என்றேன். பிறகு, "அப்பாகிட்ட போனக் குடு" என்றாள். இத்தனை நாளில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் "ம்... ம்..." என்றார்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அம்மா அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டு பைகளும் கூடத்தில் இருந்தன. முதல் நாள்கூட அப்படி அடித்ததில்லை, வீடு அவ்வளவு நாறியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இந்த வாடைக்குத் திரும்பப் போய்விடுவாளே!

"வாடை போவலம்மா" என்றேன், குற்றவாளி மாதிரி.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. "இன்னா வாடை? எனக்கு ஒண்ணியும் தெர்லியே" என்றாள்.

பாவம், மாமா வீட்டில் நன்றாக ஜலதோஷம் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்று, நான் ஓடிப்போய்த் தைல பாட்டிலை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன்.