அம்மாவுக்குப் பேசியது நான்தான்

நர்சிங் படிப்பின் முதல் வருடத்தில் நான் அதிகம் பழகியது ஒரு பிளாஸ்டிக் பொம்மையுடன். ஆள் உயரம், மூடாத கண்கள், கழற்றி மாட்டக்கூடிய வயிறு. அதற்கு நாடி பார்த்தோம், படுக்கையில் புரட்டினோம், பல் துலக்கிவிட்டோம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நம் பெயரைச் சொல்லி, "உங்கள் கையைத் தொடலாமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். மறந்தால் மதிப்பெண் போகும். பொம்மை ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. நோயாளிகளும் அப்படித்தான் இருப்பார்கள் என்று நான் நம்பிவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவர்கள். இந்த வெளிநாட்டில் நான் தங்கியிருந்த வெரிபீ என்ற புறநகரிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ரயிலில் போகும்போது அம்மாவுக்குப் போன் செய்வேன். இன்றைக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று தவறாமல் கேட்பாள். ஒரு நாள், கை கழுவச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன். நாள் முழுக்கவா என்றாள். ஆமாம், அதற்கே தனிப் பரீட்சை இருக்கிறது என்றேன்.

"ஏங்கண்ணு, அதைத்தான் நீ ஒண்ணாங்கிளாஸ் போறதுக்கு முன்னாடியே நான் சொல்லிக் குடுத்தேன். எனக்கு யாரு சர்டிபிகேட் குடுத்தாங்க?"

கை கழுவுவதில் நான் தேறிவிட்டேன். ஊசி, புண் கட்டு, ரத்த அழுத்தம் எல்லாவற்றிலும் தேறினேன். மாட்டிக்கொண்டது பேச்சில். இரண்டாம் வருடம் ஐந்து வாரம் எலும்பு வார்டில் பயிற்சி. மூன்றாவது வாரம் எங்கள் மேற்பார்வையாளர் மதிப்பீட்டுத் தாளை என் முன்னால் வைத்தார். வெள்ளைத் தலைமுடி, ஓட்டப்பந்தயக்காரர் மாதிரி வேக நடை, எதையும் சுற்றி வளைக்காத வாய். கை வேலை நன்று, ஆனால் நோயாளிகளுடன் பேசுவதே இல்லை என்று எழுதியிருந்தார். மிச்சமிருக்கும் நாட்களில் அந்தக் கட்டம் மாறாவிட்டால் பயிற்சியில் தோல்வி, அந்த செமஸ்டர் முழுவதும் மறுபடி என்று விளக்கினார். மறுபடி என்றால் விசாவையும் நீட்டிக்க வேண்டும். அதை வீட்டில் எப்படிச் சொல்வது?

பேசக் கூடாது என்று எனக்கு எந்தச் சபதமும் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி, இலக்கணம் சரிபார்த்து, வாயைத் திறக்கும்போது நோயாளி தூங்கியிருப்பார். அவ்வளவுதான் பிரச்சினை.

ஐந்தாவது வாரத் தொடக்கத்தில் ஜன்னலோரக் கட்டிலுக்கு ஓர் அம்மா வந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்திருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, "தம்பி தமிழோ?" என்றார். எனக்குக் கட்டிலோடு சேர்த்து அவரைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது.

அன்றிலிருந்து பேசினேன். நான்கு வாரமாக அடைத்துவைத்திருந்ததை எல்லாம் அவர் காதில் கொட்டினேன். மாத்திரை கொடுக்கும்போது பேசினேன், போர்வையை மடிக்கும்போது பேசினேன். வயதானவர், காது மந்தமாக இருக்கலாம் என்று நானாகவே முடிவு செய்து குரலையும் உயர்த்திக்கொண்டேன். என்னோடு இருக்க வேண்டிய வார்டு நர்ஸுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. நாங்கள் கலகலவென்று இருப்பதாக எண்ணி, தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். பிசியோ வந்து முதல் இரண்டு நடையைப் பழக்கிவிட்டுப் போன பிறகு, வாக்கரைப் பிடித்துத் தாழ்வாரத்தில் நடக்க வைப்பது எங்கள் வேலையானது. நடக்கும்போதும் பேசினேன்.

அந்த அம்மா நடக்கையில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஆறுதலா, தம்பி. ஆறுதலா."

பாவம், பயப்படுகிறார், ஆறுதல் தேடுகிறார் என்று எனக்குத் தோன்றியது. எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கென்று ஓர் அத்தியாயமே உண்டு. "பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல," என்று உரக்கச் சொல்லி, நிலைமை மோசமாவதற்குள் நாற்காலிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினேன். அவர் இன்னும் அழுத்தமாக ஆறுதல் கேட்டார். நான் இன்னும் அழுத்தமாகக் கொடுத்தேன். மூன்று நாள் இப்படியே போனது.

வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய மகள் தாழ்வாரத்தில் என்னை நிறுத்தினார். பாயிண்ட் குக் என்ற புறநகரில் குடியிருப்பவர், அலுவலக உடையில் நேராக வந்திருந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"அம்மாவுக்குப் பேசினது நீங்களோ?"

அம்மாவுக்கு என்பது என் காதில் கொஞ்சம் இடித்தது. அவர்கள் ஊர் வழக்கு போலும் என்று விட்டுவிட்டேன். இதைவிட மேற்பார்வையாளர் காதில் விழ வேண்டிய பாராட்டு வேறென்ன?

"ஆமாங்க அக்கா, நான்தான்."

"என்னத்துக்கு?"

"பேசினா சீக்கிரம் குணமாகும்னு எங்க புக்லயே போட்டிருக்குங்க."

அவர் ஓர் அடி பின்னால் போனார். "ஒவ்வொரு நாளுமோ பேசுறனீங்கள்?"

"தினமும் அரை மணி நேரமாச்சும் பேசிரணும்னு பார்க்கிறேன். டைம்தான் கிடைக்க மாட்டேங்குது. இதுக்குத்தான் இங்க மார்க்கே போடுறாங்க அக்கா."

அவர் விறுவிறுவென்று நர்ஸ் மேசைக்குப் போனார். பேச வேண்டியதை நன்றாகப் பேசிவிட்டோம் என்று நான் தேநீர் குடிக்கப் போனேன்.

ஒரு மணி நேரத்தில் மேற்பார்வையாளர் கூப்பிட்டார். நான் நோயாளியைத் தினமும் திட்டுவதாகவும், திட்டினால் குணமாகும் என்று பல்கலைக்கழகம் கற்றுக்கொடுப்பதாக நானே ஒப்புக்கொண்டதாகவும் புகார். எனக்கு ஆங்கிலம் மொத்தமாக மறந்துபோனது. திட்டவில்லை என்பதை மட்டும் நான்கைந்து தடவை சொன்னேன்.

மாணவன் மொழிபெயர்க்கக் கூடாது, வீட்டாரும் கூடாது. அது விதி. அதனால் கட்டிலருகே ஒலிபெருக்கியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்தார்கள். மகள் ஒரு பக்கம், மேற்பார்வையாளர் ஒரு பக்கம், கட்டிலின் கால்மாட்டில் நான். மகள் கேட்டதும் நான் சொன்னதும் அவருக்குத் திரும்பச் சொல்லப்பட்டன. பிறகு அந்த மனிதர், தொழில் முறைப்படி ஒரு விளக்கம் தர அனுமதி கேட்டார். சிரிப்பை அடக்குவது குரலில் தெரிந்தது. இந்தியத் தமிழில் பேசுவது என்றால் உரையாடுவது. யாழ்ப்பாணத்தில் உரையாடினால் அது கதைப்பது. பேசினால் அது ஏச்சு. இந்த இளைஞர் தினமும் உரையாடியதைச் சொல்லியிருக்கிறார், அந்தப் பெண் தினமும் ஏசியதாகக் கேட்டிருக்கிறார்.

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

ஆனால் அவர் திரும்பி, அப்படியானால் புகார் எங்கிருந்து வந்தது என்று அந்த அம்மாவையே கேட்டார்.

"பேசேல்லை. கத்தினது," என்றார் அம்மா. "நான் ஆறுதலா, ஆறுதலா எண்டு சொல்லச் சொல்ல, பயப்பிடாதீங்கோ எண்டு கத்திக்கத்தி இழுத்துக்கொண்டு ஓடுது இந்தப் பிள்ளை. அதுக்குப் பிறகுதான் எனக்குப் பயமே வந்தது."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். 'ஆறுதலா' வந்த இடத்தில் 'ஸ்லோலி' என்றார். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு ஆங்கிலத்தில் விளங்கியது அன்றுதான். மூன்று நாளாக அவர் மெதுவாக என்று கெஞ்சியிருக்கிறார். நான் ஓட்டியிருக்கிறேன்.

வெளியே வந்ததும் மேற்பார்வையாளர் சிரிப்பை முடித்துவிட்டிருந்தார். பேசுவது ஏச்சாகப் போனது உன் தவறல்ல என்றார். மற்றது உன் தவறு. சொல் புரியவில்லை, சரி. முகம் சுருங்கியதே, வாக்கரைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்குமே, அதைப் படிக்க எந்த மொழி வேண்டும்? நாளைதான் கடைசி நாள், காலையில் அவரை நடக்க வை, நான் பின்னால் வருகிறேன், பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றார்.

மறுநாள் முதலில் மன்னிப்புக் கேட்டேன், தாழ்ந்த குரலில். அவர் காது என் காதைவிடக் கூர்மை என்று அப்போது தெரிந்தது. "சரி, வாங்கோ, வெளிக்கிடுவம்," என்றார்.

அவர் இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டேன். என் கண் அவர் விரல்களில் இருந்தது. விரல் இறுகினால் நின்றேன், தளர்ந்தால் நடந்தேன். நான் ஏதும் சொல்லவில்லை. அவர்தான் சொல்லிக்கொண்டு வந்தார், ஆஸ்பத்திரிச் சோற்றின் கொடுமையை, மருமகன் போடும் தேத்தண்ணியை, மகள் சின்னதிலிருந்தே பாதி கேட்டுவிட்டுச் சண்டைக்குப் போகிற ஆள் என்பதை. எங்களைத் தாண்டி இரண்டு சாப்பாட்டு வண்டிகள் போய்த் திரும்பி வந்தன. வேக நடைக்காரரான மேற்பார்வையாளர் எங்கள் பின்னால் அடிமேல் அடி வைத்து வருவது அவருக்கே தண்டனையாக இருந்திருக்கும்.

தாழ்வாரத்தின் பாதியில் பேனா உரசும் சத்தம் கேட்டது. தாளைச் சுவரில் வைத்து எழுதுகிறார். வேறொரு மாணவிக்கு நேரமாகிவிட்டது, முடிவை இப்போதே சொல்லட்டுமா என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

அந்த அம்மா இடது காலைத் தூக்கியிருந்தார், இன்னும் கீழே வைக்கவில்லை.

"ஒன் மினிட், ப்ளீஸ்," என்றேன். இலக்கணம் எதையும் சரிபார்க்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கால் தரைக்கு வந்தது, விரல்கள் தளர்ந்தன. அதன் பிறகுதான் கேட்டேன்.

தேர்ச்சி என்றார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"பாஸாம், அம்மா."

"அதுக்கேன் நிக்கிறீங்கள்? நடவுங்கோ," என்றார். நாற்காலிக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது.