லாபம், ரெண்டு, மூணு

ஒன்றாம் நம்பர் பெட்டியைக் காணோம் என்று, சுங்க வேலைகளை முடித்துத்தரும் கிளியரிங் ஏஜெண்டின் ஆள் வந்து சொன்னபோது மணி பன்னிரண்டே முக்கால். நாலு மணிக்குள் என்னுடைய நூற்றிருபது அட்டைப்பெட்டிகளும் கண்டெய்னருக்குள் ஏறியிருக்க வேண்டும். நாலு மணிக்கு அதைப் பூட்டி சீல் வைத்துத் துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அதில் இன்னும் நாலைந்து பேருடைய சரக்கும் போகிறது, எனக்காக யாரும் காத்திருக்கப் போவதில்லை.

"காணோம்னா? காலையில நூத்தியிருபதையும் எண்ணித்தானே இறக்குனாங்க?" என்றேன்.

"எண்ணிக்க கரீட்டா கீது மேடம். நம்பருதான் ரெண்டுலேர்ந்து ஸ்டார்ட் ஆவுது. ஒண்ணு இல்ல. அதுக்குப் பதிலு ஒரு பொட்டி மேல இன்னாமோ தமிழ்ல எழுதிக்கீது."

என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்துவிட்டது. ஆனாலும் அந்த மனிதர் விடாமல் சொன்னார்: "லாபம்னு எழுதிக்கீது மேடம்."

என் அப்பா தெற்கேயிருந்து வந்து ராயபுரத்தில் அரிசிக்கடை வைத்தவர். எங்கள் கடையில் படியால் அளக்கும்போது வியாபாரம் விளங்க வேண்டும் என்று முதல் படியை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். "லாபம், ரெண்டு, மூணு" என்றுதான் எண்ணுவார்கள். மூட்டையைப் பிடித்துக்கொண்டு நடை பழகிய வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். கடை போய் வருஷங்கள் ஆகியும் வாய்க்கு அந்தப் பழக்கம் போகவில்லை. துவைத்த துணியை எண்ணினாலும் லாபம், ரெண்டு, மூணுதான். பெட்டி கட்டிய அன்று நான் உரக்க எண்ண எண்ண, எங்களிடம் தையல் வேலை பார்க்கும் வியாசர்பாடிப் பெண் மார்க்கரால் எழுதிக்கொண்டே வந்தாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் அந்த வேலையை அவளிடம் கொடுத்திருந்தேன். நான் என்ன சொன்னேனோ அதை அப்படியே எழுதிவிட்டாள்.

நான் நின்றுகொண்டிருந்த கிடங்கைச் சரக்கு வேலையில் இருப்பவர்கள் சி.எஃப்.எஸ். என்பார்கள். மாத்தூர் தாண்டி இருந்தது. ஏற்றுமதிச் சரக்கைச் சுங்க அதிகாரி பார்த்து அனுமதித்த பிறகுதான் அங்கே கண்டெய்னரில் ஏற்ற முடியும். எல்லாப் பெட்டியையும் பிரிக்க மாட்டார்கள், சில நம்பர்களை மட்டும் குறித்துக்கொடுத்துப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். என் நேரம், குறித்த நம்பர்களில் முதலாவதே ஒன்றாம் நம்பர்.

திருவொற்றியூரில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில்தான் என் தொழில். கெட்டித் துணியில் வேலைக் கையுறை தைக்கிறோம். என்னோடு ஆறு பெண்கள். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதில் பெரியது ஒன்று திடீரென்று வேறு இடத்தில் வாங்க ஆரம்பித்ததும் எங்கள் மெஷின்களில் பாதி சும்மா கிடந்தன. ஆறு பேரில் மூன்று பேரை நிறுத்த வேண்டிய நிலை. யாரை நிறுத்துவது என்று நான் மனதுக்குள் வரிசை போட்டுப் பார்த்ததுண்டு. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் புதிதாக ஏற்றுமதி செய்ய விரும்புகிறவர்களுக்கு இரண்டு நாள் இலவச வகுப்பு என்று ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டது. போனேன். என்னைவிட வயதில் சின்னவரான ஒரு பெண் அதிகாரி நடத்தினார். வகுப்போடு விட்டுவிடவில்லை அவர். ஏற்றுமதி எண் வாங்க எந்தப் பாரத்தை நிரப்ப வேண்டும், மாதிரியை எப்படி அனுப்ப வேண்டும், வெளிநாட்டுக்காரருக்கு மெயிலில் என்ன எழுத வேண்டும், என்ன எழுதக் கூடாது என்று எட்டு மாதம் என் தொந்தரவைப் பொறுத்துக்கொண்டார். தோட்ட வேலைச் சாமான் விற்கும் ஒரு வெளிநாட்டுக் கடையிலிருந்து முதல் ஆர்டர் கிடைத்தது. அவர்கள் ஊரில் பனி விட்டதும் ஜனங்கள் மண்ணைக் கொத்த இறங்குவார்களாம். அதற்கு முன்னால் கையுறை கடையில் இருக்க வேண்டும். இந்தக் கப்பலை விட்டால் சரக்கே வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

நான் ஆறு பேரையும் உட்காரவைத்து, இந்தச் சரக்கு நல்லபடியாகப் போனால் ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போகாவிட்டால் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில், தெருவில், பஸ்ஸில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பெட்டியில் எழுதிய அந்தப் பெண்ணுக்கு உடனே போன் போட்டேன்.

"படிச்சவதானே நீ? பெட்டி மேல யாராவது லாபம்னு எழுதுவாங்களா?"

"நீதானக்கா சொன்ன..."

"நான் சொன்னா? கெணத்துல குதின்னு சொன்னா குதிச்சிருவியா? ஒண்ணுக்குப் பதிலா அத எழுதி வச்சு எல்லாத்தையும் கெடுத்துட்டியே! இந்தப் பெட்டி போகலைன்னா ஆறு பேரும் வீட்ல உக்கார வேண்டியதுதான். உன்னாலதான்."

"அக்கா, ஒரு நிமிஷம் நான் சொல்றத..."

கட் பண்ணிவிட்டேன். மறுபடி அடித்தாள், எடுக்கவில்லை.

ஏஜெண்டின் ஆள் சட்டைப் பையிலிருந்து ஒரு மார்க்கரை எடுத்து நீட்டினார். "இன்னாத்துக்கு மேடம் பேஜாரு? அத அடிச்சிட்டு ஒண்ணுன்னு போட்டுரு. ரெண்டு செகண்டு மேட்டரு. ஆபீஸரு சாப்ட போய்க்கிறாரு."

வாங்கிக்கொண்டு பெட்டியிடம் போனேன். அட்டையில் கறுப்பாக, கொட்டை எழுத்தில் இருந்தது லாபம். மூலையில் நாங்கள் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. மார்க்கரின் மூடியைத் திறந்துவிட்டேன். மார்க்கர் முனை அட்டையில் படப் போகிறது. ஏனோ கை நின்றது. பயம்தான், வேறொன்றுமில்லை. வகுப்பு எடுத்த அதிகாரியைக் கூப்பிட்டேன்.

நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை அவர். பிறகு கேட்டார்: "கைல இப்ப மார்க்கர் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"மூடிப் பைக்குள்ள போடுங்க. போட்டாச்சா? ஒண்ணு இல்லைன்னு அவங்க ஏற்கெனவே பாத்துட்டாங்க. இப்ப திடீர்னு ஒண்ணு வந்தா, எழுத்துல வந்த தப்பு திருட்டு வேலை ஆயிடும். அப்புறம் இந்தக் கப்பல் மட்டும் இல்ல, உங்க பேரே போயிடும். உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

கிடங்குத் தரையிலேயே உட்கார்ந்து எழுதினேன். எங்கள் வழக்கத்தில் முதல் எண்ணுக்குப் பதிலாக லாபம் என்று சொல்வது உண்டு, தவறுதலாக அதுவே பெட்டியில் எழுதப்பட்டுவிட்டது, பெட்டி நம்பர்கள் உள்ள பேக்கிங் லிஸ்டைத் திருத்திக்கொள்ள அனுமதிக்க வேண்டும். வியர்வையில் காகிதம் நமுத்துப்போய் இரண்டாவது தாளில் எழுத வேண்டியதாயிற்று.

சுங்க அதிகாரி வந்தபோது இரண்டு மணி. வேறு மாநிலத்துக்காரர், ஆனால் தமிழ் பேசினார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"லாபம்னா ப்ராஃபிட். அது எப்படி நம்பர் ஆகும்?"

"ஒண்ணுன்னு ஆரம்பிக்காம லாபம்னு ஆரம்பிப்போம் சார். கடைக்காரங்க வழக்கம்."

"எல்லாருமா?"

"நிறைய பேர் சார்." வாய் சும்மா இருக்காமல், "இங்க யாரை வேணாலும் எண்ணச் சொல்லிப் பாருங்க" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

அவர் பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டிகளை எண்ணு என்றார். அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினார். நான் அவர் வாயையே பார்த்தேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..."

என்னை யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏஜெண்டின் ஆள் கூரையைப் பார்த்தார்.

சுங்க அதிகாரி சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம் அம்மா. ஆனா ஒண்ணாம் நம்பர் பெட்டி வெளியில நின்னு, அதுக்குப் பதிலா வேற பெட்டி உள்ள வரல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்த எழுத்து உங்க யூனிட்லயே எழுதினதுன்னு ஏதாவது காட்டுங்க. இல்லைன்னா நூத்தியிருபதையும் பிரிச்சுப் பாக்கணும். அது நாளைக்குத்தான் முடியும்."

நாளைக்கு! கப்பல் போன பிறகு நூற்றிருபது பெட்டியைப் பிரித்து நான் என்ன செய்ய? பையில் போன் அதிர்ந்தது. அவள்தான். ஐந்து அழைப்புகள் தவறியிருந்தன, வாட்ஸப்பிலும் ஏதோ அனுப்பியிருந்தாள். அழுது புலம்பியிருப்பாள் என்று நினைத்துத் திறக்காமல் பைக்குள் போட்டேன். எழுதினதற்கு என்ன சாட்சி காட்டுவது? எங்கள் கொட்டகையில் கேமரா கிடையாது. இரண்டே முக்கால் ஆயிற்று. என் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு மற்றவர்களுடைய சரக்கு ஏறிக்கொண்டிருந்தது.

மூன்று அடிக்கும்போது வாட்ச்மேன் வந்தார். "மேடம், கேட்டாண்ட ஒரு பொண்ணு வந்து கத்திகினு கீது. உங்க பேரச் சொல்லுது. பாஸ் இல்லாம வுட முடியாது."

ஓடினேன். கேட்டுக்கு வெளியே, டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே, முகமெல்லாம் புழுதியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள். திருவொற்றியூரிலிருந்து மணலி வரை ஷேர் ஆட்டோவில் வந்து, அங்கிருந்து வேறு ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள்.

"ஏன்க்கா போன எடுக்க மாட்ற? இத காட்டு மொதல்ல" என்று கம்பிக்கு நடுவே தன் போனைத் திணித்தாள்.

அதில் ஒரு படம். பெட்டி கட்டிய அன்று எடுத்தது. எங்கள் தகரக் கொட்டகை, சுவரில் எங்கள் போர்டு, பின்னால் அடுக்கிய பெட்டிகள். முன்னால் அந்த முதல் பெட்டி, அதன் மேல் லாபம். சந்தனப் பொட்டு ஈரமாக இருந்தது. பெண்கள் சுற்றி நின்றிருந்தார்கள்.

அவள் போனோடு திரும்பி ஓடினேன். அதிகாரி படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். படம் எடுத்த தேதியைப் பார்த்தார். ஒட்டிய டேப்பைப் பார்த்தார், பொட்டு இருந்த மூலையைப் பார்த்தார், பிறகு எழுந்து வந்து பெட்டியின் அதே மூலையைப் பார்த்தார். பெட்டியைப் பிரிக்கச் சொன்னார். கையுறைகளை ஒவ்வொரு கட்டாக எண்ணினார். மணி மூன்று இருபது. அப்புறம் என் கடிதத்தின் கீழே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருத்திய பேக்கிங் லிஸ்டில் ஒன்று என்று போட விடவில்லை அவர். பெட்டியில் உள்ளதே காகிதத்திலும் இருக்க வேண்டும் என்று சொல்லி, லாபம் என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதவைத்து, அதன் பக்கத்தில் இரண்டு முதல் நூற்றிருபது வரை என்று போடச் சொன்னார்.

கடைசிப் பெட்டி ஏறியபோது நாலாக எட்டு நிமிஷம் இருந்தது. கண்டெய்னர் கதவைச் சாத்தி சீலைப் பூட்டினார்கள். ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அதற்கு அப்புறம்தான் அவள் போனை இன்னொரு தரம் திறந்து படத்தைச் சரியாகப் பார்த்தேன்.

அதில் நானும் இருந்தேன். பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டு, லாபம் என்ற எழுத்துக்கு ஒரு சாண் மேலே, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அன்று அந்த எழுத்தைப் பார்த்து, நல்லாயிருக்கே, அப்படியே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அது எப்படி எனக்கு மறந்தது? என் போனை எடுத்தேன். அவள் வாட்ஸப்பில் அனுப்பியிருந்ததும் அதே படம்தான். ஒன்றே முக்காலுக்கு அனுப்பியிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து கடிதம் எழுதியபோதும், அதிகாரி முன்னால் விழித்தபோதும், அது என் போனிலேயே இருந்திருக்கிறது.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் கிடையாது.

"அந்தப் படத்துல நானும் இருக்கேன்டி" என்றேன் கடைசியில்.

"தெர்யும்க்கா."

"எழுத்த நானும் பாத்தேன்னு போன்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க சொல்ல வுட்ட?"

"தப்பு என்னுதுதான்" என்றேன். அவள் வெளியே ஓடும் டேங்கர் லாரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். போனில் நான் பேசியது அவள் ஒருத்திக்குத்தான் கேட்டது என்று நினைத்திருந்தேன். ஸ்பீக்கரில் இருந்ததாம். மற்ற ஐந்து பேரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் மறுநாள் காலையில், மெஷின்களை ஓட்டுவதற்கு முன்னால், ஆறு பேர் முன்னிலையிலும் தப்பு என்னுடையது என்று இன்னொரு முறை சொன்னேன். ஒருத்தி எழுந்து டீ வாங்கப் போனாள்.

சரக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது, இரண்டாவது ஆர்டரும் வந்தது. ஆறு பேரும் இருக்கிறார்கள். இரண்டாவது முறை பெட்டி கட்டும் அன்று அவள் மார்க்கரைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜாக்கிரதையாக, ஒவ்வொரு எழுத்தாக, "ஒண்ணு" என்றேன். அவள் எழுதவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எழுதேன்டி."

"இன்னாக்கா, மொதோ பொட்டிய ஒண்ணுன்னு சொல்ற? வெளங்குமா?" என்றாள் அவள். "நீ லாபம்னே சொல்லுக்கா. ஒண்ணுன்னு நான் எழுதிக்கிறேன்."